பிழையைப் படிக்கும் வீடு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், கல்வெட்டு என்று பேசுவது நம் வழக்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு குடும்பம் பணம் போட்டு வைத்திருப்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்ததோ அந்த அம்மையார், தலைமையாசிரியர் ஆன பிறகும் ஒன்றாம் வகுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டவர். புதிதாக வேலைக்கு வந்த என்னை முதல் ஆறு மாதம் அவர் வகுப்பின் ஓரத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே திருத்தமாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "ஏன் அப்படிச் சொல்ற?" என்பார். அந்தத் தலைச்சாய்ப்பைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன். இன்று சொல்லப்போவதும் அதைப் பற்றித்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்த காலமெல்லாம் தாய்மார்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே. "டீச்சர், வீட்டுல நான் என்ன சொல்லிக் குடுக்கணும்?" ஜூன் மாதம் ஆசையோடு கேட்பார்கள், டிசம்பரில் பயத்தோடு கேட்பார்கள். பாதிப்பேர் கூடவே, "நான் அஞ்சாவதுதான் படிச்சேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: சொல்லிக்கொடுக்க வேண்டியதைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். பிள்ளை வாசிக்கும்போதும் எழுதும்போதும் எண்ணும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அது தப்பு செய்தால், திருத்துவதற்கு முன் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நான் தட்டிக்கழிப்பதாகச் சிலர் நினைத்ததுண்டு. அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், என் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் அப்பத்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பேத்தி பக்கத்தில் புத்தகத்தை விரித்து விரலை வைத்து வாசித்தாள். "பூனை பாயில் படுத்திருக்கிறது" என்று அச்சில் இருந்தது. அவள், "பூனை... பாயில... படுத்திருக்கு" என்று வாசித்தாள். உள்ளே அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "பாத்துப் படி! படுத்திருக்கிறதுன்னுல்ல போட்டிருக்கு!" பிள்ளையின் முகம் மாறியது. விரல் பின்னால் போனது. "ப... டு... த்... தி... ரு... க்... கி... ற... து." ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நான் மெல்லக் கேட்டேன், "யாருத்தா படுத்திருக்கா?" அவள் விழித்தாள். எழுத்தை விரட்டிப் போனதில் பூனை காணாமல் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அப்பத்தாதான், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மொத வாசிச்சப்பப் பூனைன்னாளே."

முதலில் வாசித்தபோது அவள் செய்தது என்ன? அச்சில் இருந்த செந்தமிழைக் கண்ணால் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வீட்டுப் பேச்சில் சொன்னாள். ஆறு வயதில் இது எவ்வளவு பெரிய வேலை! பேசுகிற தமிழுக்கும் எழுதுகிற தமிழுக்கும் இருக்கும் தூரத்தை நாம் நாற்பது ஐம்பது ஆண்டாகக் கடந்து பழகிவிட்டதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. "வந்துட்டாங்க" என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை "வந்துவிட்டார்கள்" என்பதை முதன்முதலாகச் சந்திப்பது ஒன்றாம் வகுப்பில்தான். 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' என்று வாசிக்கும் பிள்ளை அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்ட பிள்ளை. வாக்கியத்தை முடிக்க விடுங்கள். முடித்ததும், "ஆமா, படுத்திருக்கு. புத்தகத்துல 'படுத்திருக்கிறது'ன்னு எழுதியிருக்காங்க" என்று நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், போதும். அந்தத் தூரத்தைக் கடக்கக் கதை வாசித்துக் காட்டுவதைப் போல உதவி வேறில்லை. தினமும் ஒரு கதையைக் காதில் கேட்ட பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் அந்நியமாக இருக்காது. வாசிக்கத் தெரியாதவர்கள் வாய்க்கதை சொல்லுங்கள், விடுகதை போடுங்கள். அதற்கு எந்த வகுப்பும் தேறியிருக்க வேண்டாம்.

எழுத்துக்கு முன்னால் ஒலி இருக்கிறது. 'மரம்' என்ற சொல் 'ம'வில் தொடங்குகிறது என்று காதால் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு 'ம' என்ற வடிவத்தை நூறு முறை எழுதச் சொன்னாலும் அது கோட்டுச் சித்திரம்தான். பேருந்தில் போகும்போது, "க-வுல தொடங்குற சாமான் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். கத்தி, கரண்டி, கதவு என்று வரும். இடையில் "கேரட்" என்றும் வரும். "அட, அதுவும் கிட்டத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கடைசி ஒலி. அதற்கும் பிறகு, "பட்டம்ங்கறதுல பாதியை முழுங்கிட்டா என்ன வரும்?" இந்த விளையாட்டு வந்துவிட்டால் எழுத்து தானாக ஒட்டும்.

அடுத்து 247 என்ற எண். அந்த எண்ணைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டாத வீடு குறைவு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பது இலக்கணக் கணக்கு. வாசிக்கிற பிள்ளையின் கணக்கு வேறு. ப, ட, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். கூடவே கால் போடத் தெரிந்தால் பாடம், மாடம் வந்துவிடும். எல்லா எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு அலுத்துப்போகும். சில இடங்கள் உண்மையிலேயே கடினம் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகாரத்துக்குக் கால், இகரத்துக்கு மேல்விலங்கு என்று ஒரே ஒழுங்கில் வருவது, கு, சு, டு, து, மு, று என்று உகர வரிசைக்கு வந்தால் எழுத்துக்கு எழுத்து ஒரு வடிவம் எடுக்கிறது. இதில் பிள்ளை தடுமாறுவது அதன் மந்தத்தால் அன்று, வரிசையின் தன்மையால். 'கெ', 'கை' எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிருக்கு உரிய கொம்பும் இணைக்கொம்பும் முன்னால் வந்து நிற்கின்றன. இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும் என்று இப்போதுதான் கற்ற பிள்ளை, கொம்பைப் பார்த்ததும் திகைத்து நிற்பதில் நியாயம் இருக்கிறது.

பிள்ளைகள் புள்ளியை விட்டுவிடுவார்கள். அம்மா என்பது 'அமமா' ஆகும். 'கெ', 'கே' இரண்டையும் ஒன்றாகவே எழுதுவார்கள். ர-வையும் காலையும் மாற்றிவிடுவார்கள். இந்த மூன்று பிழைகளும் நம் ஓலைச்சுவடிகளில் அப்படியே இருக்கின்றன! ஓலையில் புள்ளியை அழுத்திக் குத்தினால் கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்று நாம் எழுதும் கொம்பு வேறுபாடு வீரமாமுனிவர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், வந்தது. அதற்கு முந்திய சுவடிகளில் குறிலா நெடிலா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அந்த ஓலைகளை எப்படி வாசித்தார்கள்? முன்னும் பின்னும் பார்த்து, எந்தச் சொல் அங்கே பொருந்தும் என்று யோசித்து வாசித்தார்கள். உங்கள் பிள்ளையும் அதையேதான் செய்ய வேண்டும். 'மரம்' என்பதை 'மாம்' என்று வாசித்துவிட்டால், "மாம் மேல குருவி உக்காருமா?" என்று கேளுங்கள். பிள்ளை தானே சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும். பொருளைக்கொண்டு தன் வாசிப்பைத் தானே சரிபார்க்கும் பழக்கம் அந்த நொடியில் தொடங்குகிறது.

தாத்தா, அப்பத்தாமார் இருக்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 1935 முதல் பெரியார் தம் ஏட்டில் கையாண்டுவந்த வடிவங்களில் பல அப்போது பாடநூலுக்கு வந்தன. அதற்கு முன் படித்த தாத்தா 'லை' என்று எழுதினால் மேலே தும்பிக்கைபோல வளையும் கொம்பு போடுவார். 'னா'வுக்குச் சுழித்துவிடுவார். பேரன் அதைப் பார்த்து, "தாத்தாவுக்கு எழுதத் தெரியல" என்பான். தாத்தா கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். எழுத்தும் மனிதர்கள் செய்தது, மாறக்கூடியது என்று அறிவது எந்த வயதிலும் நல்லதுதான்.

எழுதுவதைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனம் கனக்கிறது. என் தங்கை மகன் ஒன்றாம் வகுப்பு படித்த தனியார் பள்ளி ஒன்றில், தினமும் பத்துப் பக்கம் வீட்டுப்பாடம். ஒரு பக்கம் முழுக்க 'க', மறுபக்கம் முழுக்க 'ங'. இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டே தூங்கியதை நான் பார்த்தேன். ஆறு வயதில் விரல் எலும்புகளே இன்னும் முற்றியிருக்காது. முதல் வரியில் அழகாக இருந்த 'க' பத்தாவது வரியில் நசுங்கிக் கிடந்தது. அதாவது, நசுங்கிய 'க'வை எழுதத்தான் அவனுக்குப் பயிற்சி கிடைத்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுத வைத்தார்கள். விஜயதசமியன்று இன்றும் தட்டில் அரிசியைப் பரப்பிப் பிள்ளை கையைப் பிடித்து எழுதுகிறோம். ஒருநாளோடு ஏன் நிறுத்த வேண்டும்? மணலிலோ அரிசியிலோ பெரிதாக எழுதி அழித்துப் பழகட்டும். கீரை உருவுவது, பூத்தொடுப்பது, பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரலைத் தயார் செய்யும் வேலைகள். ஆண்பிள்ளைக்கும் இவற்றைக் கொடுங்கள். 3, 7, 9 போன்றவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுதினால் கலங்காதீர்கள். அந்த வயதில் அது மிகவும் இயல்பு, பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

எழுதுவதற்கு ஒரு காரணம் வேண்டும். யாரும் வாசிக்கப்போகாத பத்துப் பக்கத்தைவிட, ஒருவர் வாசிக்கப்போகிற மூன்று சொல் மேல். கடைக்குச் சீட்டு, வெளியூரில் இருக்கும் அத்தைக்கு ஒரு வரி, தான் வரைந்த படத்துக்குக் கீழே ஒரு பெயர். அதில் ல, ள, ழ தவறலாம், ஒற்று விடுபடலாம். ஒன்றாம் வகுப்பில் என் வேண்டுகோள் ஒன்றுதான்: சிவப்பு மையை எடுக்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

இனி கணக்கு. இங்கே சற்று நிதானமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அடி அதிகம் விழுவது இங்கேதான்.

"என் பிள்ளை நூறு வரைக்கும் சொல்லுவான் டீச்சர்" என்பார்கள். சொல்லுவான், உண்மை. பாட்டு மாதிரி சொல்லுவான். பன்னிரண்டு புளியங்கொட்டையை முன்னால் போட்டு எண்ணச் சொன்னால், வாய் ஒரு வேகத்தில் போகும், விரல் ஒரு வேகத்தில் போகும். ஒன்றைத் தொட்டு ஒன்றைச் சொல்லக் கற்ற பிறகும், "எத்தனை இருக்கு?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. கொட்டைகளைப் பரப்பி வைத்தால் கூடிவிட்டது என்பான், நெருக்கி வைத்தால் குறைந்துவிட்டது என்பான். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதைத்தான் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்து நூல் எழுதினார். விளக்கம் சொல்லி இதைப் புரிய வைக்க முடியாது. கையால் பரப்பியும் கூட்டியும் எண்ணி எண்ணித்தான் வரும். அதற்குப் பல்லாங்குழியைப் போன்ற கருவி நம்மிடம் வேறில்லை. 14 குழி, குழிக்கு ஐந்தாகப் போட்டால் 70 முத்து. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் நாலு இருந்தால் எந்தக் குழியில் முடியும் என்று பிள்ளை கண்ணாலேயே ஓடவிட்டுப் பார்க்கத் தொடங்கும் நாளில் அதற்குக் கூட்டல் வந்துவிட்டது என்று அறியலாம்.

இன்னொரு காட்சி. என் வகுப்புப் பையன் ஒருவன் 'இருபத்து மூன்று' எழுதச் சொன்னால் 203 என்று எழுதுவான். அவன் அப்பா கொத்தனார். கணக்கில் கெட்டிக்காரர். "இதுகூடத் தெரியலையே" என்று தலையில் குட்டுவார். அவரை ஒருநாள் வகுப்புக்கு வரச்சொன்னேன். பையனிடம், "இருபது எழுது" என்றேன். 20. "மூணு எழுது." 3. "இருபத்து மூணு?" இருபதுக்குப் பக்கத்தில் மூன்றை வைத்தான். 203. காதில் கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறான்! அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு தீக்குச்சிகளை எடுத்துக்கொண்டோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு இரண்டு கட்டு, உதிரியாக மூன்று. "கட்டு எத்தனை? ரெண்டு. உதிரி எத்தனை? மூணு." கட்டுக்கு ஓர் இடம், உதிரிக்கு ஓர் இடம். அப்பா தானாகவே, "செங்கல்லை அடுக்குற மாதிரிதான்டா" என்றார். அன்று முதல் வீட்டில் செங்கல் கணக்கு. நான் பத்து நாளில் சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவர் மூன்றே நாளில் முடித்துவிட்டார்.

தமிழின் எண்ணுப்பெயர்கள் பிள்ளைக்கு மிகவும் உதவுபவை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பன்னிரண்டு, பதிமூன்று எல்லாவற்றிலும் பத்து உள்ளே தெரிகிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து தெரியாது. தர்ட்டீன் முதல் நைன்டீன் வரை உதிரி முன்னாலும் பத்து பின்னாலும் வரும். ஆங்கில வழியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் பலர், வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் எண்ண வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். பள்ளியில் ட்வெல்வ் என்று சொல்லட்டும், வீட்டில் பன்னிரண்டு முட்டையைப் பத்தும் இரண்டுமாக எண்ணட்டும். ஒரு மொழியில் ஊன்றிய கணக்கு இன்னொரு மொழிக்கு எளிதாகப் போகும். தமிழிலும் ஒரு முள் உண்டு, சொல்லிவிடுகிறேன். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் 'தொண்ணூறு'. அதற்குள் நூறு ஒளிந்திருப்பதால் பிள்ளைகள் நூறுக்குத் தாவிவிடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். நம் மாநிலத்தில் சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பரில். அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்பே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நாம் அனைவரும் பார்த்தோம். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தெருத் திண்ணைகளுக்கு வந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். இதில் பெற்றோருக்கு ஒரு வருத்தம். "அவ மலர்ல இருக்கா, என் பிள்ளை இன்னும் அரும்புலயே இருக்கு." தாய்மார்களே, அரும்பு என்பது மதிப்பெண் கிடையாது. இன்று எந்தப் படியில் கால் வைத்திருக்கிறது என்று ஆசிரியருக்குச் சொல்லும் அடையாளம் அது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை உங்கள் பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள். ஆசிரியரிடம் வந்து, "எங்க நிக்குது, எதுல தடுமாறுது?" என்று கேளுங்கள்.

வேலைக்குப் போய்விட்டுப் பொழுது சாய வருகிறவர்கள், "எங்களுக்கு நேரம் ஏது?" என்பார்கள். அந்த அசதியை நான் அறிவேன். கால் மணி நேரம் கேட்கிறேன். அதுவும் அடுப்பில் சோறு கொதிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, பிள்ளை வாசிக்க நீங்கள் "ம்" கொட்டினால் போதும். அந்தக் கால் மணி நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பிள்ளை அடிக்கடி கண்ணைச் சுருக்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதும் எழுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1991இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது நான் மாலை நேரங்களில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறேன். கல்லுடைத்துவிட்டு வந்த பெண்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் பலகையில் எழுதினார்கள். அவர்களும் புள்ளியை விட்டார்கள், கொம்பை மாற்றிப் போட்டார்கள். அவர்களை யாரும் குட்டவில்லை. எழுதிய சொல்லை வாசித்து, "அட, என் பேரா இது?" என்று அவர்கள் வியந்தபோது நாங்களும் கூடச் சேர்ந்து வியந்தோம். அன்று அப்படிக் கற்ற ஒருவர் இன்று அப்பத்தாவாக இருக்கக்கூடும். தன் பேத்திக்கும் அதே பொறுமையை அவர் தரட்டும்.

பூனையைத் தொலைத்த அந்தப் பெண்ணின் வீட்டில் நான் ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். கடைக்குச் சீட்டு எழுதுவது அவள் வேலை, அதை யாரும் திருத்தக் கூடாது. முதல் சீட்டில் 'பருபு', 'உபு', 'வெங்காயம்' என்று மூன்று. வெங்காயத்தை எங்கிருந்து சரியாகப் பிடித்தாளோ தெரியவில்லை, கடைப் பலகையாக இருக்கலாம். அப்பா அதை வாசித்துச் சாமானை வாங்கி வந்தார். நான்காம் வாரம் அம்மா அந்த வாரத்துச் சீட்டை எனக்குக் கொண்டுவந்து காட்டினார். 'பருபு' என்று எழுதி, வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், ருவுக்கும் புவுக்கும் நடுவே இடமில்லாமல், மேலே நெருக்கிச் சின்னதாக ஒரு 'ப்' போட்டிருந்தாள்.